பெருந்தொற்று வருமுன் யாரோடு, என்ன எழுதி வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

அடுத்த பெருந்தொற்றுக்கு அரசோடு சேர்ந்து தொழிற்சாலைகளும் தொண்டு நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் எப்படித் தயாராவது என்று கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: 2021-ல் எங்கள் அறக்கட்டளை சார்பில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கிக் கொடுத்தோம். சமீபத்தில் போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டியோடு ஒரு மூலையில் கிடக்கின்றன. இப்போது கையில் நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. இந்த முறை எதை வாங்கித் தந்தால் வீணாகாது?
– அறக்கட்டளைச் செயலாளர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்த இரண்டையும் மீட்டெடுங்கள். புதிதாக வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

கான்சன்ட்ரேட்டருக்குள் ஜியோலைட் மணிகள் நிரப்பிய உருளைகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுவது அந்த மணிகள்தான். ஈரம் ஏறினால் அவற்றின் பிடிப்பு போய்விடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால், அதுவும் கடற்காற்று அடிக்கும் ஊரில், ஈரம் ஏறத்தான் செய்யும். அப்புறம் மோட்டார் ஓடும், தண்ணீர்க் குப்பியில் குமிழி வரும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். ஆனால் குழாயில் வருவது வெறும் காற்றை விடக் கொஞ்சம் மேலானதாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே ‘ஓடுகிறதா’ என்று பார்ப்பது போதாது. ஆக்சிஜன் அனலைசரோடு ஒரு டெக்னீஷியனை அழைத்துப் போங்கள். இயந்திரத்தின் முழு ஓட்டத்தில் அரை மணி நேரம் ஓட விட்டு அளக்கச் சொல்லுங்கள். நல்ல இயந்திரம் 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். 82-க்குக் கீழே இறங்கினால் நோயாளிக்கு வைக்கக் கூடாது, மணிகளை மாற்ற வேண்டும். பின்புறத்து ஸ்பாஞ்ச் ஃபில்டர் பெரும்பாலும் தூசி அடைத்திருக்கும். அதைக் கழுவி, நன்றாகக் காய வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

மூலையில் போட்டுவிட்டார்கள் என்று அங்குள்ள செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருளைக் கொடுத்த அன்றே ‘மாதம் ஒரு முறை ஓட்டுவது யார், பழுதானால் பணம் யாருடையது’ என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. 2021-ல் நாடு முழுவதும் நல்ல மனசோடு கொடுக்கப்பட்ட எத்தனையோ கருவிகள் இந்த ஒரு தாள் இல்லாமல்தான் வீணாயின.

நான்கு லட்சத்துக்கு வருவோம். சாதாரண நாளிலும் பயன்படும் பொருளாகப் பார்த்து வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை. என்95 முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளை நேரில் பார்க்கும் ஊழியர் எட்டுப் பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு என்றால் ஒரு மாதத்துக்கு 480 வேண்டும். அதை வாங்கி அலமாரியில் பூட்டினால் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அதற்கு முன்பே எலாஸ்டிக் இற்றுப்போகும், போட்டுக்கொள்ள இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் காசநோய்ப் பிரிவுக்கு என்95 தினமும் தேவைப்படுகிறது. இருப்பில் பழையதை அங்கே அனுப்பி, அதே எண்ணிக்கையில் புதியதை வாங்கி அடுக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் உங்கள் 480 என்றைக்கும் புதிதாகவே இருக்கும். பெட்டிகள் தரையில் இருக்கக் கூடாது. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலகை போட்டு, இடுப்பு உயரத்துக்கு மேலே, வெயில் படாத அறையில் வைக்கச் சொல்லுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினால் பேட்டரியைக் கழற்றித் தனிப்பையில் போட்டு வையுங்கள். உள்ளேயே விட்டால் ரசாயனம் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர், அரசு மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன். பேச்சை இவர்களிடம் தொடங்குங்கள். கையில் பணத்தோடு போவதற்கு முன் தேவைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணிகளைக் கவனிக்கிறேன். மாவட்ட நிர்வாகத்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட நிர்வாகம் சம்மதிக்கிறது. அதில் என்னென்ன இருக்க வேண்டும்?
– குடிகாடு

பதில்: ‘இயன்ற உதவிகளைச் செய்வோம்’ என்ற வரி அதில் இருக்கவே கூடாது. நெருக்கடி நேரத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கேட்க முடியாது. பொருள், அளவு, எத்தனை மணி நேரத்தில், யார் யாரிடம் ஒப்படைப்பது, செலவு யாருடையது என்ற ஐந்தும் ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

உங்களிடம் இருப்பதிலேயே அதிக மதிப்புள்ளது பணம் அல்ல, பழகிய கைகள். அழுத்தக் கலன், கம்ப்ரஸர், ஜெனரேட்டர், குழாய் இணைப்பு ஆகியவற்றோடு தினமும் வேலை செய்பவர்கள் மருத்துவமனையில் மிகக் குறைவு, உங்களிடம் ஷிஃப்ட் ஷிஃப்டாக இருக்கிறார்கள். மருத்துவமனைகளில் நிறுவப்பட்டிருக்கும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ பிளான்ட்டுகளில் பழுது பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது. காற்றை உலர்த்தும் டிரையர் கெட்டுப்போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஈரக்காற்று ஜியோலைட் படுகைக்குள் போகும், தூய்மை 93 சதவீதத்திலிருந்து மெல்ல இறங்கும். வாரம் ஒரு நாள் உங்கள் மெக்கானிக் ஒருவர் போய் டிரையரின் டியூ பாயின்ட் (காற்றில் எவ்வளவு ஈரம் மீதி இருக்கிறது என்று காட்டும் அளவு), ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு, ஆக்சிஜன் தூய்மை ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால் அது பல லட்சம் ரூபாய் நன்கொடைக்குச் சமம். பிளான்ட் வாங்கித் தருவதாக இருந்தால் உத்தரவாதம் முடிந்த பிறகான ஐந்து ஆண்டு முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் (சிஎம்சி), மின் இணைப்பின் கூடுதல் பளு, ஜெனரேட்டர் மூன்றையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

சிலிண்டர் கணக்கையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் போட்டு வையுங்கள். டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர், பி வகையில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளிக்கு டி சிலிண்டர் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும், பி சிலிண்டர் இரண்டரை மணி நேரம். அதே டி சிலிண்டரை நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் ஹை ஃப்ளோ கருவியில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ‘ஐம்பது சிலிண்டர் தருகிறோம்’ என்பது எந்த வகை, எந்தக் கருவிக்கு என்று சொல்லாதவரை அர்த்தமில்லாத எண்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தொழிற்சாலை சிலிண்டரை அப்படியே வார்டுக்கு அனுப்பாதீர்கள். உள்ளே முன்பு என்ன வாயு இருந்தது, ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) தேதி என்ன, வால்வில் எண்ணெய்ப் பசை உண்டா என்று பார்த்து, முறைப்படி சுத்தம் செய்து, உரிமம் பெற்ற நிரப்புநிலையத்தில்தான் மருத்துவ ஆக்சிஜன் ஏற்ற வேண்டும். உயர் அழுத்த ஆக்சிஜனும் கிரீஸும் சந்தித்தால் தீப்பொறி இல்லாமலே தீப்பிடிக்கும். 2021-ல் நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை ஆக்சிஜனுக்கு மாற்றியபோதும் இந்தச் சுத்திகரிப்பு கட்டாயமாக இருந்தது.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆவது பிரிவின்படி முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இதை ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழுவில் தீர்மானித்தால், தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் பணத்தை நீட்டிக்கலாம். பராமரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. தொண்டு நிறுவனம் வழியாகச் செய்வதானால் அது சிஎஸ்ஆர் பணி செய்வதற்கு மத்திய அரசிடம் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு சிஎஸ்ஆரில் சேராது. ஊழியர் குடியிருப்புக்கு முகாம் நடத்தினால் சுற்றியுள்ள ஊருக்கும் கதவு திறந்திருக்கட்டும்.

கேள்வி: பண்ருட்டியில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். அரசு போர்ட்டலில் தொற்றுநோய்த் தகவல் ஏற்றச் சொல்கிறார்கள். நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கும் எனக்கு அதற்கு நேரமில்லை. ஒரு கிளினிக் சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?
– மருத்துவர் ஒருவர்

பதில்: டாக்டர், காய்ச்சல்காரர் முதலில் வருவது உங்களிடம்தான். அரசு மருத்துவமனைக்கு அவர் போவது மூச்சுத்திணறல் வந்த பிறகு. இடையில் போகும் நாட்கள்தான் நோய் பரவும் நாட்கள்.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. 2021-லிருந்து ஐஎச்ஐபி என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. களப்பணியாளர் அனுப்புவது எஸ் படிவம், மருத்துவர் அனுப்புவது பி, ஆய்வகம் அனுப்புவது எல். உங்களுடையது பி. அறுபது பேரையும் ஏற்றத் தேவையில்லை. பட்டியலில் உள்ள நோய் என்று நீங்கள் சந்தேகிப்பவர்கள் மட்டும். அதைக் கம்பவுண்டரோ வரவேற்பில் இருப்பவரோ பழகிக்கொள்ளலாம்.

அதற்கும் நேரமில்லாத நாளில் போனையாவது எடுங்கள். பத்து நாட்களுக்குள் தொடங்கிய காய்ச்சல், இருமலோடு மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்குப் போனவர்கள் ஒரே தெருவிலோ ஒரே வேலையிடத்திலோ இரண்டு மூன்று பேர் இருந்தாலும், நோயாளியைக் கவனித்த செவிலியருக்கே காரணம் புரியாத கடும் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே மாவட்ட கண்காணிப்புப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் பொய்யாகிப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்திய மருத்துவச் சங்கக் கிளைக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. கண்காணிப்புப் பிரிவிடம் ஒரு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: தகவல் சொன்ன மருத்துவருக்கு 48 மணி நேரத்துக்குள் ‘என்ன கண்டோம்’ என்று பதில் வர வேண்டும். தனியார் மருத்துவர்கள் தகவல் தருவதை நிறுத்திவிடுவதற்கு நேரமின்மையை விடப் பெரிய காரணம், சொன்னதற்கு ஒருமுறைகூட பதில் வராததுதான். நோயாளியின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை என்பதையும் அதே தாளில் சேருங்கள். பெயர் வெளியே கசிந்துவிட்டால் அடுத்த நோயாளி வரவே மாட்டார்.

கேள்வி: எங்கள் ஊர் பாகூர், புதுச்சேரியைச் சேர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு. 2020-ல் எல்லையில் உள்ள முள்ளோடையில் தடுப்பு போட்டபோது வேலைக்கும் வைத்தியத்துக்கும் பட்ட பாடு சொல்லி மாளாது. அடுத்த முறையும் இதே கதைதானா?
– வாசகி, பாகூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நாங்களும் நினைக்கிறோம்.

கிருமிக்கு முள்ளோடை தெரியாது. கடலூர் மாவட்டத்துக்காரர் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே நோய் உறுதியாகிறது. தகவல் புதுச்சேரியின் கணக்கில் ஏறுகிறது. ஆனால் அவர் வீடு, பக்கத்து வீடு, வேலை செய்த மீன் ஏலக்கூடம் எல்லாம் கடலூரில். அங்கே போய்த் தொடர்பில் இருந்தவர்களைத் தேட வேண்டியது கடலூர் ஊழியர். இரண்டு அலுவலகங்களும் ஒரே நாளில் பேசிக்கொள்ளாவிட்டால் தேடல் தொடங்கும்போது இரண்டாவது சுற்றுத் தொற்று முடிந்திருக்கும். கோயம்பேடு சந்தையிலிருந்து 2020 மே மாதம் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூரில் எண்ணிக்கை ஏறியதை நினைத்துப் பாருங்கள். தொற்றிய இடம் ஒன்று, எண்ணப்பட்ட இடம் வேறு.

புதுச்சேரியின் நான்கு பகுதிகளுக்கும் இந்த எல்லைச் சிக்கல் உண்டு. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, ஏனாமைச் சுற்றி ஆந்திரம், மாஹேயைச் சுற்றிக் கேரளம். 2018-லும் 2023-லும் நிபா வைரஸ் தொற்று வந்த கோழிக்கோடு மாவட்டம் மாஹேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வேண்டியது பெரிய சட்டம் அல்ல. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்று கண்காணிப்புப் பிரிவுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட இரண்டு பக்க நடைமுறை போதும். எல்லை தாண்டிய நோயாளி என்றால் எத்தனை மணி நேரத்தில் யார் யாருக்குச் சொல்வது, தடுப்பு போட்டாலும் டயாலிசிஸ், பிரசவம், கீமோதெரபி, ஆய்வக மாதிரி, ஆக்சிஜன் வண்டி, மருத்துவமனை ஊழியர் ஆகியோருக்கு எந்த அட்டையைக் காட்டினால் வழி விடுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அட்டையின் மாதிரியை இரு தரப்புக் காவல் நிலையங்களிலும் இப்போதே ஒட்டி வைக்கலாம்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். ஜிப்மரிலோ வேறு எங்கோ பதிவுச் சீட்டு போடும்போது ஆதார் விலாசத்தை மட்டும் சொல்லாமல், இப்போது தங்கியிருக்கும் வீடு, வேலையிடம், நடப்பில் உள்ள போன் நம்பர் மூன்றையும் சொல்லுங்கள். தேடுபவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் பழைய விலாசத்தில்தான்.

கேள்வி: 2025-ல் உலக சுகாதார நிறுவனம் நிறைவேற்றிய பெருந்தொற்று ஒப்பந்தத்தால் ஊரடங்கு போடும் அதிகாரம் அதற்குப் போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: இல்லை. 2025 மே 20 அன்று நிறைவேறிய அந்த ஒப்பந்தமே, ஊரடங்கு, தடுப்பூசிக் கட்டாயம், பயணத் தடை போன்றவற்றை நாடுகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்நிறுவனத்துக்குக் கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: கிருமி மாதிரியைப் பகிரும் நாட்டுக்கு, அதை வைத்து உருவாகும் தடுப்பூசியிலும் மருந்திலும் நியாயமான பங்கு. இந்தியாவில் உத்தரவு போடுவது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவற்றின்படிதான். தமிழ்நாட்டுக்கு 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டமும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக்கள் இருபது இருக்கின்றன. முகக்கவசம் தைத்துக் கொடுத்ததைத் தவிர எங்களை யாரும் கூப்பிடவில்லை. வேறு என்ன செய்ய முடியும்?
– ஊராட்சி அளவிலான கூட்டமைப்புத் தலைவி, நெல்லிக்குப்பம் அருகே

பதில்: அக்கா, தையல் மெஷினை விட உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற அறிவு. அதை இப்போதே நோட்டில் ஏற்றுங்கள். தெருவாரியாக, தனியே வாழும் முதியவர், டயாலிசிஸ் செய்பவர், கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், படுக்கையில் இருப்பவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். நோட்டு தலைவியிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மட்டும் இருக்கட்டும்.

ஒரு பெண்ணுக்கு இருபது, இருபத்தைந்து வீட்டுக்கு மேல் ஒதுக்காதீர்கள். அறுபது வயது தாண்டியவரையும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவரையும் வீடு வீடாகப் போகும் வேலைக்கு அனுப்பாமல் போன், கணக்கு, சமையல் வேலையில் வையுங்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பவர் வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுத்து, ஆக்ஸிமீட்டர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும். 94-க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் 108.

கிருமிநாசினிக் கரைசலையும் பழகிக்கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். பிளாஸ்டிக் வாளியில் அன்றன்றைக்குக் கலக்குங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஆசிடோடு சேர்த்தால் விஷவாயு கிளம்பும். வாய் கட்டாத மூட்டையில் ஈரம் ஏறிய பவுடர் வெள்ளையாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. மனிதர்கள் மேல் தெளிப்பது கூடவே கூடாது.

கூட்டமைப்போடு யார் ஒப்பந்தம் போட வந்தாலும் பயிற்சி, கவசம், பயணப்படி, காப்பீடு நான்கையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாமல் ‘தன்னார்வலர்’ என்று பட்டம் மட்டும் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஒத்திகை நடத்தச் சொல்கிறார்கள். சைரன், ஸ்ட்ரெச்சர் என்று போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. உருப்படியாக எப்படி நடத்துவது?
– பேரிடர் தொண்டர், தேவனாம்பட்டினம்

பதில்: ஸ்ட்ரெச்சர் வேண்டாம், ஒரு மேசையும் அரை நாளும் போதும். சுகாதாரம், வருவாய், காவல், கால்நடை, மின்வாரியம், மீன்வளம், உங்கள் அமைப்பு, ஒரு தனியார் மருத்துவமனை என்று முடிவெடுக்கும் ஆட்களாக ஒவ்வொருவர். ‘துறைமுகத்தில் வேலை செய்யும் நால்வருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ஒருவருக்கு மூச்சுத்திணறல்’ என்று தொடங்கி, இருபது நிமிடத்துக்கு ஒரு புதுத் தகவலை மேசையில் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாருக்குப் போன் செய்வார் என்பதைச் சொல்ல வைக்காதீர்கள், உண்மையாகவே போன் போட வையுங்கள். பாதி நம்பர்கள் மாறுதலாகிப் போனவர்களுடையதாக இருக்கும். அன்றைய ஒத்திகையின் பலன் அதுதான்.

அளவுகோலுக்கு 7-1-7 என்ற முறையை வைத்துக்கொள்ளுங்கள். நோய் தலைகாட்டியதிலிருந்து ஏழு நாளில் கண்டுபிடிப்பு, ஒரு நாளில் தகவல், அடுத்த ஏழு நாளில் முதற்கட்ட நடவடிக்கைகள் முழுவதும். எந்தக் கட்டம் நீண்டது, எதனால் என்று எழுதுங்கள்.

கடலூருக்கு ஒத்திகை என்றால் புயலையும் சேர்க்காமல் முடியாது. 2020 நவம்பரில் கொரோனா நடுவிலேயே நிவர் புயல் வந்தது. முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் என்பது பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச வழிகாட்டியான ஸ்பியர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச இடம். 350 சதுர மீட்டர் மண்டபத்தில் நூறு பேர் என்று வரும். தொற்றுக் காலத்தில் அதிலும் குறைக்க வேண்டும், காய்ச்சல்காரர்களுக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் உள்ள அறை வேண்டும். ஆகவே ஒரு புயல் பாதுகாப்பு மையம் போதாதபோது எந்தப் பள்ளி, எந்தக் கல்யாண மண்டபம் என்று இப்போதே உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து.

கேள்வி: வயல் ஓரம் காகங்கள் ஐந்தாறு செத்துக் கிடந்தன. பையன்கள் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். இதையும் சொல்ல வேண்டுமா?
– விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: கட்டாயம். இன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள், புதைத்த இடத்தைக் காட்டுங்கள். நீங்களே தோண்டி எடுக்காதீர்கள். புதிதாகச் செத்த பறவை கிடைத்தால் வெறுங்கையால் தொடாமல், நாய் இழுத்துப் போகாதபடி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். மாதிரியை அவர்கள் எடுத்துக் குளிரில் வைத்துப் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பறவைக் காய்ச்சல் கோழிகளில் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவு தொற்றுப் பகுதி, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. புதைத்த பையன்களில் யாருக்காவது பத்து நாளைக்குள் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காகத்தைத் தொட்ட விஷயத்தை முதல் வரியாகச் சொல்லச் சொல்லுங்கள்.